செருப்பைப் போடு, வைஃபையை அணை

எங்கள் வீட்டில் கைப்பேசிக்கு ஒழுங்காக லைன் கிடைக்கிற ஒரே இடம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டைத் திறந்து வலது பக்கம் இரண்டு எட்டு வைத்தால் பச்சை நிறத் தொட்டி. அதன் காலடியில் மூடியில்லாத சாக்கடை. அங்கே நின்றால் திரையில் இரண்டு கோடு வரும், நல்ல நாளில் மூன்று. குப்பை லாரி வராத வாரங்களில் மீன் செவுளும் குழந்தைகளின் டயப்பரும் முந்தாநாள் லக்சா நூடுல்ஸும் வெயிலில் ஒன்றாக வெந்துகொண்டிருக்கும். அந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுதான் எனக்கு பாலர் பள்ளி வேலை கிடைத்த செய்தியைக் கேட்டேன். என் தோழியின் கணவர் தவறிப்போன செய்தியையும் அங்கேதான் கேட்டேன். அழக்கூட முடியவில்லை, எலி ஒன்று காலைத் தாண்டி ஓடியது.

பெர்மாஸ் ஜெயாவில் கடலோரத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றில் எங்கள் வீடு. எதிர்க்கரை சிங்கப்பூர். அங்கிருக்கிற கோபுரங்களின் சிக்னல் நீரைத் தாண்டி வந்து எங்கள் கொடியில் காயும் துணிவரைக்கும் எட்டும். துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே ‘சிங்கப்பூருக்கு உங்களை வரவேற்கிறோம்’ என்று குறுஞ்செய்தி வரும். நைட்டியோடு எல்லை தாண்டிய பெருமை எனக்குப் பல தடவை கிடைத்திருக்கிறது. ஒரு மாதம் வெளிநாட்டுக் கட்டணத்தோடு வந்த பில்லைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளையும் பிடுங்கி, சொந்த நாட்டு லைனைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று பூட்டிவிட்டார். அதிலிருந்து சிங்கப்பூர் சிக்னல் கொட்டிக் கிடக்கும், ஆனால் தொட முடியாது. எங்கள் சிக்னலைத் தொடலாம், ஆனால் அது இருக்காது.

வீட்டுக்குள்ளே இன்னும் மோசம். வெக்கை தாங்கவில்லையென்று கூரைக்கடியில் அலுமினியத் தாள் ஒட்டினோம். கார் நிற்கும் போர்ச்சுக்கு மேலே தகரம் போட்டோம். ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் இரும்பு கிரில். திருடன் வராமல் நாங்கள் கட்டிய கோட்டைக்குள் சிக்னலும் வரவில்லை. வந்து பார்த்த டெக்னிசியன் தகரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. இனிமேல் வீட்டுக்குள்ளே எல்லா அழைப்பும் வைஃபை வழியாகவே வந்து போகும்படி மாற்றிவிட்டுப் போனான்.

அதுவும் ஹால் வரைக்கும்தான். போர்ச்சுக்கு வந்தால் வைஃபை தேயும். கேட்டைத் தாண்டினால்தான் வெளி லைன். இரண்டுக்கும் நடுவே, கார் நிற்கிற அந்தப் பத்தடியில், ஒன்றுமே கிடையாது. கைப்பேசியோ செத்துக்கொண்டிருக்கிற வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டு, வெளியே போன பிறகும் வெகுநேரம் ஊமையாகவே கிடக்கும். யார் கூப்பிட்டாலும் வராது. அதற்காக என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார். வெளியே போகும்போது செருப்பைப் போடு, வைஃபையை அணை. உள்ளே வரும்போது செருப்பைக் கழற்று, வைஃபையைப் போடு. மாதா படத்துக்குக் கீழே தாளில் எழுதி ஒட்டியும் வைத்தார். இரண்டே மாதத்தில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. கால் செருப்பைத் தேடும்போதே கட்டைவிரல் திரையை இழுத்து ஒரு தட்டுத் தட்டிவிடும். தேவாலய வாசலில் சிலுவை போடுகிற மாதிரி, யோசனையே தேவையில்லை.

இந்தப் பத்தடியிலிருந்து அவர் இன்னொரு லாபமும் கண்டுபிடித்தார். பேச விருப்பமில்லாத ஆள் யாராவது கூப்பிட்டால், மரியாதையாகப் பேசிக்கொண்டே போர்ச்சுக்கு நடப்பார். ஹலோ, ஹலோ, கேக்கலியே, லைன் சரியில்லையே என்பார். பிறகு வைஃபையில் ஒரு தட்டு. அழைப்பு தானாகச் செத்துவிடும். யாரையும் வெட்டிவிடவில்லை, லைன்தான் போனது என்று எனக்கு விளக்கமும் சொல்வார். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லாத பொய் அது. காப்புறுதிப் பாலிசி விற்கிறவரிலிருந்து, கல்யாணத்துக்கு உதவி கேட்கும் பெரியப்பா மகன்வரை எல்லோரையும் அந்தத் தகரத்துக்கடியில்தான் அவர் வழியனுப்பினார். நானும் கற்றுக்கொண்டேன். மறைப்பானேன், அவரைவிட நான் கெட்டிக்காரி. என் குரல் மெல்ல மெல்லத் தூரம் போகும்.

இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது என் தம்பி.

அப்போது அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே வீடு என்னுடையது. தம்போயில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. சாயங்காலம் எண்ணெய்க் கறையோடு வந்து, குளித்து, போர்ச்சில் நின்று என் வீட்டுக்காரரைப் போல நடித்துக் காட்டுவான். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹலோ, ஹலோ, கேக்கலியே என்று வாசல் கேட் வரைக்கும் நடப்பான். என் மாமியாருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். அவனை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவனைப் பட்டறைக்கு மேல்மாடியில் வைத்துப் பிடித்தார்கள். அங்கே குடியிருந்த கூட்டாளியோடு சேர்ந்து, எப்போதிலிருந்தோ அவன் அந்தக் கண்றாவித் தூளை இழுத்துக்கொண்டிருந்தானாம். சிறுநீரைச் சோதித்தார்கள், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்திலிருக்கிற மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். என் மாமியாரிடம் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொன்னோம். சொல்லச் சொன்னது என் வீட்டுக்காரரா நானா என்று இப்போது கேட்டால், அவர் என்றுதான் சொல்ல ஆசை. நான்தான். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். எங்கள் புளுகு ஒன்றரை வருடம் ஓடியது. மாமியாரும் அவ்வப்போது கப்பல் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்பார். நானும் வாயில் வந்த துறைமுகத்தைச் சொல்வேன்.

ஒரே ஒரு தடவை அவனைப் போய்ப் பார்த்தேன். மெலிந்து, தலையை ஒட்ட வெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேச விடுவார்களாம். அதிகாரியின் மேசையில் இருந்த தொலைபேசியைக் காட்டினான். கறுப்பு நிறம், சுருள் ஒயர், சுவரில் ஆணியடித்த கம்பி. நம்ம வீட்டு லைன் மாதிரி இல்லைக்கா, இது அறுந்தே போகாது என்று சொல்லிச் சிரித்தான்.

சனிக்கிழமை மதியம் என்றால் என் மாமியார் ஹாலில் டிவி பார்க்கிற நேரம். வைஃபைப் பெட்டியும் அந்த டிவிக்குப் பக்கத்தில்தான். அவர் முன்னால் எப்படிப் பேசுவது? படுக்கையறையிலோ இரண்டாவது வார்த்தையே கரகரக்கும். அதனால் அழைப்பு வந்ததும், ஹாலில் நின்று இதோ ஒரு நிமிஷம் என்று மட்டும் சொல்வேன். அவன் காத்திருப்பான். நான் செருப்பை மாட்டி, வைஃபையைத் தொடாமல், கேட்டுக்கு ஓடுவேன். நடுவில் ஐந்தாறு விநாடி சத்தம் போய், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றதும் திரும்ப வரும். அழைப்பு ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குத் தாவுகிறதாம். பேச்சு நடக்கும்போது வைஃபையை அணைக்காமல் இருந்தால்தான் தாவுமாம், டெக்னிசியன் சொன்னது. சில தடவை தாவும், சில தடவை தாவாது. தாவினால் ஈக்களுக்கு நடுவே என் தம்பியோடு பத்து நிமிஷம் பேசுவேன். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் ஒவ்வொரு தடவையும் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டே நிற்பார். எவ்வளவு கேவலம். கூடப்பிறந்தவனோடு பேச நான் குப்பைக்குப் போனேன்.

போன மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவன் கூப்பிட்டான். குரலில் ஓர் அவசரம் இருந்தது. வழக்கம்போல ஒரு நிமிஷம் என்று சொன்னேன். அவன் அன்றைக்குக் காத்திருக்கவில்லை, நான் நடக்க நடக்கவே பேசினான். அடுத்த மாதம் விடுகிறார்களாம். வெளியே போகிறவன் எந்த வீட்டில் இருப்பான், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சொந்தக்காரர் வீட்டு முகவரி இல்லையென்றால் கிடைக்கிற முகவரிக்குத்தான் போக வேண்டும். நான் வாசல்படிக்கு வந்துவிட்டேன். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்தேன்.

“அக்கா, நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா?”

தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி. உடனே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியார், கப்பல், என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர்களின் முகங்கள், எல்லாம் ஒரே மூச்சில் வந்து போயின. கேட்டுக்குப் போய்ப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டாவது செருப்பு காலில் ஏறியது. கை தோளிலிருந்து கைப்பேசியை எடுத்தது, கட்டைவிரல் திரையை இழுத்தது, ஒரு தட்டு.

காதில் வைத்தபோது ஒன்றுமில்லை. தகரத்துக்கடியில் நின்று நான் ஹலோ, ஹலோ என்றேன். அப்போதுதான் உறைத்தது. அவன் நடித்துக் காட்டுகிற அதே இடத்தில், அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். தொட்டியடிக்கு ஓடிப்போய் அரைமணி நேரம் நின்றேன், கைப்பேசி அடிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முறைதான் விடுவார்கள், அடுத்த ஆள் வரிசையில் நிற்பான் என்று எனக்குத் தெரியும். சாக்கடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே போய் வாந்தி எடுத்தேன். மாமியார் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்கு நான் கூப்பிட்டிருக்கலாம். எண் என்னிடம் இருந்தது. நான் என்ன செய்தேன்? பள்ளி விட்டதும் நேராகத் தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போனேன். கண்ணாடி, குளிர்சாதனம், சிரிக்கிற குடும்பத்தின் ஆளுயரப் படம். நம்பர் எடுத்து உட்கார்ந்து, கவுண்டரில் இருந்த பெண்ணைப் பிடித்து ஒரு மூச்சுத் திட்டினேன். உள்ளே ஒரு லைன் வெளியே ஒரு லைன் என்று எத்தனை வருடம் ஏமாற்றுவீர்கள், வாசலைத் தாண்டினால் செத்துப்போகிற லைனுக்கு என்ன விளம்பரம் என்றெல்லாம் மலாயில் பொரிந்தேன். அவள் புன்னகை மாறாமல் எங்கள் வட்டாரத்தில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றாள். வீட்டுக்கு நடுவே வைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, போர்ச்சு வரைக்கும் வைஃபை வரும், பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அவள் நகத்தில் ஒட்டியிருந்த பளபளப்பைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அணைத்தது என் விரல் என்று அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நன்றாகவே தெரியும்.

அதைவிட அசிங்கமான ஒன்றும் தெரியும். அழைப்பு நடக்கும்போது அணைக்கக்கூடாது என்று அந்த விரலுக்குத் தெரியும். மற்ற எந்தச் சனிக்கிழமையும் அது தவறு செய்ததில்லை. அன்றைக்கு, அந்தக் கேள்விக்கு மட்டும் எப்படிப் பழக்கம் வந்து முந்திக்கொண்டது? இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கை தவறியதற்கெல்லாம் இவ்வளவு யோசிப்பாயா, அடுத்த தடவை கூப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்த ஆறுதலை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன். அவன் கோபக்காரன் இல்லை, லைன் போய்விட்டது என்று புரிந்திருக்கும். எங்கள் வீட்டு லைனைப் பற்றி அவனுக்குத் தெரியாதா?

தெரியும். அதுதான் தொந்தரவே. அந்தப் பத்தடியில் எங்கள் வீட்டு லைன் எதற்காகச் சாகும் என்று என்னையும் என் வீட்டுக்காரரையும் மாமியாரையும் தவிர, உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அடுத்த முறைக்கான சனிக்கிழமை வந்தது. மதியம் பூராவும் கைப்பேசி என் மடியில் கிடந்தது. அடிக்கவில்லை. சாயங்காலம் நான் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“கப்பலு கிப்பலெல்லாம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. பிள்ளையக் கூப்பிட்டுப் பேசு.”

எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், ஒன்றரை வருடம் நான் குப்பைத் தொட்டியடியில் நின்றதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆகும். எதிர்வீட்டுக் கிழவரும் பார்த்தார், இவரும் பார்த்தார். ஒளிந்துகொண்டதாக நினைத்தவள் நான் ஒருத்திதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். காலையில் ஹாலின் நடுவே, வைஃபைப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காலில் செருப்பில்லை. மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். இன்னாரின் அக்கா பேசுகிறேன் என்று, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். முகவரியைச் சொல்ல வந்தேன், என் வீட்டு எண், என் தெரு, எல்லாம் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். அதிகாரி கொஞ்சம் பொறுங்கள் என்று எதையோ புரட்டினார். உங்கள் தம்பி போன வாரமே முகவரி எழுதிக் கொடுத்துவிட்டானே என்றார். எந்த முகவரி என்று கேட்டேன். தம்போயில், ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி என்று வாசித்தார்.

அவனை எங்கே பிடித்தார்களோ அதே மாடி, அதே கூட்டாளி. அந்த இடம் வேண்டாம், அங்கே அனுப்பாதீர்கள், என் வீட்டுக்கு மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். அவனாக மாற்றிக் கையெழுத்துப் போட்டால்தான் முடியும் என்றார் அதிகாரி. நல்ல மனிதர். வழக்கத்தில் இல்லாதது, ஆனாலும் கூப்பிடுகிறேன், நீங்களே கேளுங்கள் என்றார். கறுப்புத் தொலைபேசியை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ நடந்து போனார்கள். எங்கேயோ வரிசையில் எண்ணுகிற குரல்கள் கேட்டன. ஒரு கதவு, பிறகு செருப்புச் சத்தம். அவன் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. அவ்வளவு நல்ல லைன்.

“ஹலோ” என்றான்.

நான் ஒரே மூச்சில் சொன்னேன். அன்றைக்கு லைன் போகவில்லை, என் கைதான் தட்டிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, வேண்டுமென்றே செய்தேனோ என்றுகூட எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள், நீ இங்கேதான் வரவேண்டும், உன் அறை அப்படியே இருக்கிறது, மாமியாருக்கு எல்லாம் தெரியும், இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறார், ஹாலில் இருந்துதான் பேசுகிறேன். மாமியாரும் எட்டி, வாய்யா வீட்டுக்கு என்று சத்தமாகச் சொன்னார்.

அவன் எல்லாவற்றையும் கேட்டான். நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“ஹலோ... ஹலோ... கேக்கலக்கா. லைன் சரியில்ல” என்றான். கோபமே இல்லாமல், மெதுவாக, குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாக்கிக்கொண்டே சொன்னான்.

பிறகு அந்தக் கறுப்புத் தொலைபேசியை வைத்துவிட்டான்.